டி செல்லின் வயிற்றெரிச்சல்

ஒரு உடம்பின் நோய் எதிர்ப்புப் படையில் இருந்த டி செல்லுக்கு ஆன்டிபாடியைக் கண்டாலே ஆகாது. ரத்தத்தில் மிதந்து வரும் கிருமிகளைப் பாய்ந்து பிடிப்பது ஆன்டிபாடி. அதனால் உடம்பெல்லாம் அதன் பேச்சுதான். ரத்தம் எடுத்துப் பார்க்கிறவர்கள்கூட, "ஆன்டிபாடி இருக்கா?" என்றுதான் கேட்டார்கள்.

"என்னை ஒரு நாயும் சீண்டுறதில்லை" என்று டி செல் பொருமியது.

ஒருநாள் ஆன்டிபாடியின் கைக்குத் தப்பிய கிருமி ஒன்று ஈரல் செல்லுக்குள் புகுந்துவிட்டது. ஆன்டிபாடியால் உள்ளே நுழைய முடியாது. கையைப் பிசைந்துகொண்டு வெளியே நின்றது. ஈரல் செல் அந்தக் கிருமியின் துணுக்கு ஒன்றை அடையாளமாக வாசலில் தொங்கவிட்டுக் கூவியது: "டி செல் அண்ணே, சீக்கிரம் வாங்க!"

தன் பெயரைக் கேட்டதும் டி செல்லுக்குத் தலைகால் புரியவில்லை. ஆன்டிபாடியை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போனது.

"சொல்லு தம்பி, என்ன செய்யணும்?"

"உள்ளே கிருமி பெருகிக்கிட்டே போகுது. வெளியே பரவுறதுக்குள்ள என்னைக் கொன்னுடுங்கண்ணே."

டி செல் வேலையை முடித்துவிட்டுத் திரும்பியது. ஆன்டிபாடி அதே இடத்தில் அழுதுகொண்டு நின்றது. அதன் கைகள் சுத்தமாக இருந்தன.

டி செல்லுக்கு முன்னைவிட அதிகமாக வயிறெரிந்தது.