எடைக்கு முந்தின நாள்

வெயிலில் ரெயின்கோட் போட்டுக்கொண்டு ஸ்கிப்பிங் ஆடினான்.

ராயபுரத்தில் அந்நேரத்துக்கு நாய்கூட நிழலை விட்டு வெளியே வராது. இவனோ கழுத்துவரை பொத்தான் மாட்டி, தலைக்குக் குல்லாவையும் இழுத்துக் கட்டியிருந்தான். வாயில் புளிப்பு மிட்டாய். எச்சில் ஊற ஊற வாளியில் துப்ப வேண்டும்.

"துப்பு நைனா, துப்பு. அதுவும் எடைதான்," என்றார் எத்திராஜ் மாஸ்டர்.

குத்துச்சண்டைக்காரர்களின் பழைய வழி அது. எடை பார்ப்பதற்கு முந்தின நாள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். உடம்பில் இருப்பதையும் வேர்வையாகப் பிழிந்துவிடுவார்கள்.

நாளைக்கு ஓர் இடத்தில் எடை பார்க்கிறார்கள் என்று மட்டும்தான் மாஸ்டரிடம் சொல்லியிருந்தான். எதற்கென்று சொல்லவில்லை. சொன்னால் அவர் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி தன்னை ஓரமாக வைத்துவிடுவார் என்று பயம்.

பயிற்சிக்கு வருகிறவர்கள் தாங்களாகவே ஒரு கதை கட்டியிருந்தார்கள். ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்தே தொப்பை வளர்த்தவன், தலை நரைக்கிற வயதில் வந்து மணல்மூட்டையைக் குத்துகிறான் என்றால் வேறு என்ன? பெண் பார்க்கப் போகிறான்.

அவன் மறுக்கவில்லை. தாடை எலும்பு தெரிந்தது. தோள் திரண்டது. ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்று கொஞ்சநேரம் தன்னையே ரசித்துவிட்டான். உடனே வெட்கமாகப் போய்விட்டது.

இதெல்லாம் அக்காவுக்காக.

கஸ்தூரிக்குக் கல்லீரல் கெட்டுப்போயிருந்தது. தம்பியின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்து வைத்தால் பிழைப்பாள் என்றார் டாக்டர். பிறகு தம்பியின் ஸ்கேனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கொழுப்பு படிந்த கல்லீரல், ஆகாது. உடம்பைக் குறைத்துக்கொண்டு வரட்டும்.

அதைக் கேட்டு அக்கா சந்தோஷப்பட்டாள். ஆமாம், சந்தோஷம்தான்.

"நல்லதாப் போச்சு. என் உசுரு இன்னா வெல்லக்கட்டியா? உன்னக் கூறு போட்டுத்தான் நான் வாழணுமா?"

அன்றைக்குத் தொடங்கியது சண்டை.

அவன் மணல்மூட்டையைக் குத்தினான். அவள் அடுப்பெதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நெய்ச்சோறும் வஞ்சிர வறுவலும் செய்து அவனுக்குக் கொடுத்தனுப்பினாள். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, நிற்கக்கூட முடியாதவள். கரண்டி பிடிக்க மட்டும் எங்கிருந்தோ தெம்பு வந்துவிடும். தம்பி குண்டாக இருக்கும்வரை அவன்மேல் கத்தி படாது. அவள் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

கேரியரை அவன் திறப்பதேயில்லை. அப்படியே மாஸ்டர் கையில் கொடுத்துவிடுவான். இவன் தொப்பை கரையக் கரைய மாஸ்டரின் பனியன் இறுகிக்கொண்டே போனது. "எந்த மவராசி சமைச்சதோ, நூறு வருஷம் நல்லா இருக்கணும்," என்று வாழ்த்திவிட்டுத்தான் வாயில் வைப்பார்.

அந்த வாழ்த்தைக் கேட்கும்போதெல்லாம் இவன் மணல்மூட்டைப் பக்கம் திரும்பி இன்னும் நாலு குத்து விடுவான்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் எடை இறங்கித்தான் இருந்தது. ஸ்கேனும் நல்லபடி சொன்னது. டாக்டர் தோளைத் தட்டிக்கொடுத்தார். இனிமேல் சிக்கலில்லை என்று அவன் மூச்சுவிட்ட நேரத்தில் ரத்த ரிப்போர்ட் வந்தது.

சிறுநீரகம் சரியில்லையே என்றார் டாக்டர்.

நேற்றிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை என்று அவன் சொன்னதும் அவருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அதனால் இருக்கலாம். வேறு கோளாறாகவும் இருக்கலாம். இரண்டு மூன்று நாள் தாராளமாகத் தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும், மறுபடி ரத்தம் பார்க்கலாம். அப்போதும் இப்படியே இருந்தால் அவன் கல்லீரலைத் தொட மாட்டார்கள். இன்னோர் ஆளைத் தேடிச் சோதித்து முடிக்க அக்காவுக்கு நாள் இல்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதான். அத்தனை குத்து வாங்கியபோதும் வராத அழுகை. மாஸ்டர்மேல் கோபம் வரவில்லை. அவரிடம் வாயைத் திறக்காத தன்மேல்தான் வந்தது.

அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"வேணான்னுட்டாங்களா?"

எல்லாவற்றையும் சொன்னான். ரெயின்கோட்டைச் சொன்னான், ரத்தத்தைச் சொன்னான், டாக்டர் குடிக்கச் சொன்ன தண்ணீரையும் சொன்னான்.

அவள் கேட்டது கிடைத்துவிட்ட மாதிரிதான். இனிமேல் அவள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பேசாமல் படுத்திருந்தால் போதும்.

கீழே தெருவில் மீன்காரி கூவிக்கொண்டு போனாள். சங்கரா, நண்டு, நெத்திலி. உப்பில்லாத கஞ்சியிலேயே மாதக்கணக்காகக் கிடந்த கஸ்தூரி, அந்தக் குரல் முனை திரும்பி மறையும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

பிறகு எழுந்தாள். தாங்க வந்த அவன் கையைத் தட்டிவிட்டாள். சுவரைப் பிடித்துப் பிடித்துக் குடத்தருகே போய், ஒரு டம்ளர் மொண்டு நீட்டினாள்.

குடித்தான்.

மறுபடி மொண்டாள். மறுபடி குடித்தான்.

"போதும்கா."

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர் சிந்திவிடாமல் இன்னொரு கையையும் கொடுத்து டம்ளரைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் குடிடா," என்றாள்.