இரண்டு தட்டு

பதினோரு வயது நவமணி கிளட்சை மிதித்தால் ஸ்டியரிங்குக்குக் கீழே போய்விடுவாள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு லாரி தானாக நகர்வதுபோல் இருக்கும். அப்பா அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஃபர்ஸ்ட் கியர் மட்டும்தான். மரவள்ளிக் காட்டுக்குள் அதற்கு மேல் தேவைப்படவில்லை. அப்பாவும் அம்மாவும் குச்சிக்கிழங்கைப் பிடுங்கிப் பின்னால் வீச, லாரி அவர்களோடு நடந்து வரும். "ஒண்ணு தட்டுனா நில்லு, ரெண்டு தட்டுனா போ. அவ்வளவுதான் கண்ணு டிரைவிங்கு" என்பார் அப்பா, கேபின் தகரத்தில் தட்டிக் காட்டி. ஒரு நாள் மண்ணுக்குள் விட்ட கையை உதறிக்கொண்டு எழுந்தார். நல்ல பாம்பு. கண்ணுக்கெட்டிய வரை வேறு ஆளில்லை. அம்மா அவரை லாரியில் கிழங்குக் குவியல்மேல் ஏற்றிப் படுக்கவைத்து, தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். "ரோட்டுல ஏத்து அம்மிணி. ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் நிறுத்தாத." அப்பா, "பயப்படாத கண்ணு, நான் தட்டிக்கிட்டே வர்றேன்" என்றார். நவமணி முதன்முறையாக லாரியைத் தார் ரோட்டில் ஏற்றினாள். அதே ஃபர்ஸ்ட் கியரில் லாரி முக்கிக்கொண்டு போனது. சைக்கிளில் வந்தவர்கூட முந்திப் போனார். முதுகுக்குப் பின்னால் தகரத்தில் அப்பாவின் கனத்த கை விழுந்துகொண்டே வந்தது. இரண்டு, பிறகு இரண்டு. புளியமர வளைவு தாண்டியதும் ஒன்றும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியின் தண்ணீர்த் தொட்டி தூரத்தில் தெரிந்தபோது ஒரு தட்டு கேட்டது. கூடவே அம்மாவின் வளையல் சத்தம். நவமணி காலைக் கிளட்சுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி அடுத்த தட்டுக்காகக் காத்திருந்தாள். லாரி போய்க்கொண்டிருந்தது.