ஜப்பான் உஸ்தாத்

ஜப்பான் குண்டு போடும் என்று பட்டணமே நடுங்கிய 1942. மாம்பலத்தில் மெஹபூப் பாஷாவின் கராத்தே கொட்டகைக்குள் இன்ஸ்பெக்டர் ஒரு கான்ஸ்டபிளோடு நுழைந்தார்.

"உனக்குக் கத்துக் கொடுத்த ஜப்பான்காரன் எங்கே?"

யுத்தத்துக்கு முன்னால், சீடர்களைச் சேர்ப்பதற்காகப் பாஷா விட்ட கதை அது.

"அப்படி யாருமே இல்லீங்க சார். நான் ராயபுரத்தைத் தாண்டினதே இல்லே. எல்லாம் நானா உண்டாக்கினது. சும்மா கைகாலை ஆட்டிக்கினு கீறோம், ஈகூட சாவாது."

"பொய் சொல்றான். இழுத்துக்கிட்டு வாய்யா."

மலைபோன்ற கான்ஸ்டபிள் தோளைப் பற்றினார். பயத்தில் பாஷாவின் கை தானாகச் சுழன்றது. கான்ஸ்டபிள் மல்லாந்து விழுந்தார்.

"இது ஜப்பான்காரன் வித்தை இல்லையா?" இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினார்.

பாஷா தன் கையையே வெறித்தார். சீடர்கள் மரியாதைக்காகத்தான் விழுகிறார்கள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தார்.