மிதக்கும் கல்

எரிமலை என்றோ கக்கிப் போட்ட மலை அது. ஒரு சாண் தோண்டினால் பாறை. அதனால் அங்கே பிணத்தைக் குழியில் இறக்குவதில்லை. மேட்டுப் பாறையில் கிடத்தி, செத்தவரின் நிலத்திலிருந்து நாற்பது கூடை மண் சுமந்து மூடுவார்கள்.

சிலம்பாயியின் நிலத்தில் மட்டும் முழங்கால் ஆழத்துக்குக் கறுப்பு மண் இருந்தது. பதினெட்டு வருஷமாகக் கல்லைச் சலித்து, சருகும் சாணமும் போட்டு அவள் சேர்த்த மண். அவள் சலிக்கும்போதெல்லாம் வரப்பில் உட்கார்ந்து அதன்மேல் புகையிலை எச்சிலைத் துப்பிய புருஷன், இப்போது வாயைத் திறந்தபடி பாறைமேல் கிடந்தான். அவள் அந்தக் கறைப் பற்களையே பார்த்தாள். இந்த வாய்க்குள்ளா என் மண் போகணும்?

"மதினி, சீக்கிரம் மண்ணை அள்ளுங்க. அண்ணன் நாற ஆரம்பிச்சிருச்சு," என்றான் கொழுந்தன்.

"உயிரோட இருந்தப்ப மணத்துச்சாக்கும்," என்றாள். பெண்கள் சிரிப்பை அடக்கினார்கள்.

அவள் சலித்து ஒதுக்கிய கற்கள் நிலத்தின் மூலையில் குவிந்து கிடந்தன. தேனடை மாதிரி உடம்பெல்லாம் ஓட்டை, கையில் எடுத்தால் கனமே இல்லை. "இதுவும் என் நிலத்துலேர்ந்து வந்ததுதான்," என்று நாற்பது கூடையும் அதையே சுமந்து வந்து அவன்மேல் கொட்டினாள்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. மேட்டிலிருந்து இறங்கிய வெள்ளத்தில் அந்தக் கற்கள் ஒவ்வொன்றாக மிதந்து வருவதை அவள் வாசலில் நின்று ரசித்தாள். பிறகுதான் கவனித்தாள். வெள்ளம் அந்தக் கற்களோடு அவள் நிலத்துக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. சிலம்பாயி சல்லடையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.