சும்மாட்டை அவிழ்த்தவள்

பிடரி விண்விண்ணென்று தெறித்தது.

முன்வரிசைப் பெண்களுக்குத் தெர்மாகோல் செங்கல். அவள் முறை வரும்போது அது தீர்ந்துவிட்டது. நிஜக் கல்லையே பாண்டுச் சட்டியில் அடுக்கிவிட்டார்கள். கேமராவுக்கு இரண்டும் சிவப்புதான்.

கழுத்துக்கு அப்படியில்லை.

நடிக்க ஒன்றும் இல்லை, தினமும் செய்வதுதான் என்று சொல்லித்தான் ஏஜென்ட் வேனில் ஏற்றினான். வயசுக்கு வந்ததிலிருந்து அவள் சித்தாள். செய்வதுதானே என்று வந்தாள்.

நிறைந்த பாண்டைத் தனியாகத் தலைக்கு ஏற்ற முடியாது. ஒருத்தி கை கொடுக்க வேண்டும். கொடுத்தவளுக்கு இவள் கொடுக்க வேண்டும். கட்டடத்தில் அதற்கு மேல் சட்டம் கிடையாது.

இன்று அவளுக்கு ஏற்றிவிட்டவள் அம்சா. முன்பின் தெரியாது. வேனில் பக்கத்து சீட்டு.

"இன்னாக்கா, உன்னுது மட்டும் கல்லு மாதிரியே கனக்குது?" என்று சிரித்துக்கொண்டே தூக்கிவிட்டாள்.

அடி விழுகிற வேஷம் அம்சாவுக்கு.

மேஸ்திரியாக நடிப்பவர் தலையில் பாண்டோடு நிற்பவளை எட்டி உதைப்பார். அம்சா விழுவாள். மற்றவர்கள் பயந்து இரண்டடி பின்வாங்க வேண்டும். கதாநாயகன் வந்து தூக்கும்வரை யாரும் அவளைத் தொடக் கூடாது.

கதாநாயகன் நாளைக்குத்தான் வருகிறார்.

"ஆக்‌ஷன்!"

உதைத்தார். பாண்டு பறந்தது. அம்சா ஜல்லியில் விழுந்தாள். முழங்கையில் ரத்தம் வந்தது. அது மேக்கப் இல்லை.

வரிசை பின்வாங்கியது.

அவள் மட்டும் பின்வாங்கவில்லை. தன் பாண்டை இறக்கிவைத்தாள். உச்சந்தலையில் சுருட்டி வைத்திருந்த சும்மாட்டை எடுத்தாள். அவிழ்த்தாள். ஓங்கி ஓர் உதறு. செம்மண் தூள் வெயிலில் பறந்தது. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு மேஸ்திரியைப் பார்த்தாள்.

வேறொன்றும் செய்யவில்லை.

கட்டடத்தில் ஒருநாள் நின்றவனுக்கும் அது புரியும். சும்மாட்டை அவிழ்த்தவள் இனிச் சுமக்க மாட்டாள்.

"கட்! கட்!"

உதவி இயக்குநர் ஓடி வந்தான். "ஏம்மா, பச்சைப் புடவை! பயப்படத் தெரியாதா உனக்கு?"

"தெரியும் சார். சும்மாட்ட அவுத்துட்டுதான் நாங்க பயப்படுவோம்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

ஏஜென்ட் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்தான். இன்னொரு தடவை இப்படிச் செய்தால் இனி அவளுக்கு வேனில் இடமில்லை. இந்த வேனில் மட்டுமல்ல, எந்த வேனிலும்.

அவளை மணல் குவியலுக்கு அந்தப் பக்கம் தள்ளி நிறுத்தினார்கள். அங்கிருந்து கேமராவில் பாதி முகமும் ஒரு பக்கத் தோளும்தான் விழும்.

போதும்.

அம்சா எழுந்து முந்தானையால் முழங்கையை ஒற்றப் போனாள். துடைக்க வேண்டாம், ரத்தம் நன்றாக இருக்கிறது என்றார்கள். அவள் தலையில் இன்னொரு பாண்டை வைத்தார்கள். ஜல்லியை யாரும் கூட்டவில்லை.

வேலைக்கு வந்த பெண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

மணல் குவியலுக்கு அப்பால் அவள் மறுபடி சும்மாட்டைச் சுருட்டினாள். இந்த முறை தளர்வாக. கல் பாண்டை ஏற்றிவிட்டார்கள்.

"ஆக்‌ஷன்!"

உதைத்தார். அதே ஜல்லி. அதே முழங்கை. இந்தத் தடவை அம்சா கத்தினாள். அது எழுதிக் கொடுத்த கத்தல் இல்லை.

வரிசை இரண்டடி பின்வாங்கியது.

மணல் குவியலுக்கு அந்தப் பக்கம் கல் பாண்டு தரையில் உட்காருகிற சத்தம். பிறகு, துணி உதறுகிற சத்தம்.

யாரோ "கட்" என்றார்கள். அவள் காதில் விழுந்தது. அவள் ஜல்லியில் கிடந்தவளை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

கதாநாயகன் நாளைக்கு வரட்டும்.

அம்சாவுக்கு அவள் ஒரு கை பாக்கி.