சிவப்புக் கோடு

அந்தப் பெருநகரத்தின் ஆக உயரமான கட்டடத்தில் ஏறிப் பார்க்க வரிசையில் நின்றோம். டிக்கெட் கவுன்டரை ஒட்டிய சுவரில் ஒரு சிவப்புக் கோடு இருந்தது. அதைவிடக் குட்டையான பிள்ளைகளுக்கு டிக்கெட் வேண்டாம்.

எந்த ஊரிலும் இப்படிக் கோட்டைப் பார்த்தால் அப்பா என் தங்கை சுண்டெலிக்குக் கண்ணைக் காட்டுவார். அவள் பாவாடைக்குள் முழங்காலை மடக்கிக் குட்டையாகிவிடுவாள். உள்ளே போனதும் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இந்த ஊருக்கு வரவேண்டும் என்று நச்சரித்ததும் அவள்தான். போன வருஷம் காய்ச்சலில் போய்விட்டாள்.

அப்பா மூன்று டிக்கெட் கேட்டார். எங்கள் பேச்சைக் கேட்டுக் கவுன்டர் பெண்ணும் தமிழுக்கு மாறினாள். எட்டி, அம்மாவின் பக்கத்தில் பார்த்துச் சிரித்தாள்.

"சார், பாப்பாவை நேரா நிக்கச் சொல்லுங்க. காலை மடக்கிட்டு நிக்குது."

அம்மாவின் பக்கத்தில் யாருமில்லை. அப்பா பர்ஸைத் திறந்தபடி அந்தப் பக்கம் திரும்பினார்.

"நிமிந்து நில்லுடா செல்லம்," என்றார். "அப்பா டிக்கெட் எடுக்கறேன்."

அந்தப் பெண் நான்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தாள்.

லிஃப்டில் அம்மாவின் கை, ஒரு தலையைத் தடவுவதுபோல அசைந்துகொண்டிருந்தது. முன்பெல்லாம் சுண்டெலியின் தலையைத் தடவும்போது அந்தக் கை இடுப்பளவில்தான் இருக்கும். இப்போது நெஞ்சளவுக்கு வந்திருந்தது.

"வீட்டுல எடுத்து வச்சிருக்கற செருப்பு இவளுக்கு இனிமே பத்தாதுங்க," என்றாள் அம்மா.