முதல் இருபது மில்லி

"ஆரம்பத்துல வர்றதைப் பிடிங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! இன்னிக்கு நடுவுல வந்ததைப் பிடிச்சுக்கிட்டு வந்து நிக்கிறீங்களே திலீப்!"

ராயபுரத்து லேப் கவுன்ட்டரில் ஜெஸ்லின் அந்த டப்பாவை டொக்கென்று வைத்தாள். இது மூன்றாவது டப்பா.

திங்கட்கிழமை கழுத்துவரை நிரப்பிக்கொண்டு வந்தான். புதன்கிழமை, வருகிற வழியில் ஓரமாக ஒதுங்கிவிட்டு வந்ததாக அவனே சொன்னான். இன்று வெள்ளிக்கிழமை. "நடுவுல வந்ததுதான் மேடம்" என்று, கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டு நிற்கிறான்.

"எல்லா லேப்லயும் நடுவுல வர்றதுதானே மேடம் கேப்பாங்கோ?"

"அது வேற டெஸ்ட். இது கிளமிடியா, புருஷன் பொண்டாட்டி சேர்றதுல தொத்துற நோய். அந்தக் கிருமி உள்ளுக்குள்ள மூத்திரக் குழாய் ஓரமா ஒட்டிக்கிட்டு இருக்கும். முதல்ல வர்ற இருபது மில்லிதான் அதை அடிச்சுக்கிட்டு வரும். கொரோனாவுக்குப் பாத்தாங்களே, அதே மாதிரி பி.சி.ஆர். மெஷின்தான். மெஷின் என்ன பண்ணும், நீங்க ஒழுங்காப் பிடிச்சாத்தானே?"

பெஞ்சிலிருந்து அவன் அம்மா பூவம்மா எழுந்து வந்தாள். காசிமேட்டில் மீன் விற்பவள். இன்றைக்குக் கடையைப் போட்டபடி விட்டுவிட்டு மகனோடு வந்திருந்தாள்.

"இன்னாமா இது பேஜாரு! ஒரு மூத்திரத்த புடிக்க எத்தினி நாளு? மாசமா கீற மருமவ கீர்த்திக்கு ஆஸ்பத்திரில குச்சி வுட்டுப் பாத்து, கிருமி கீதுன்னு எழுதிக் குட்த்துட்டாங்கோ. புருசனையும் பாக்கணுமாம். எம்புள்ளைக்கு இல்லன்னு ஒரு பேப்பரு குடு, போதும். ரெண்டு மாசமா எண்ணூர்ல ஆத்தா வூட்லதான குந்திகினுகீறா? அங்கியே கெடக்கட்டும். வயித்துல கீறது யாருதுன்னு அப்பால பேசிக்கலாம்."

"அம்மா, மெதுவாப் பேசுங்க. நாலு பேர் உக்காந்திருக்காங்க."

"தப்பு பண்ணவ மெதுவா பேசணும். எனக்கு இன்னா?"

திலீப் குனிந்து, அறுந்துபோகாத செருப்பு வாரைச் சரி செய்துகொண்டிருந்தான்.

ஜெஸ்லினுக்கு ஆத்திரமாக வந்தது. பத்து வருஷமாக இந்தக் கவுன்ட்டரில் இருக்கிறாள். இவனைப் போல எத்தனை பேர்! விசைப்படகில் ஊர் ஊராகப் போய் மேய்ந்துவிட்டு வந்து, மாட்டிக்கொள்ளப் பயந்து டப்பாவைக் கெடுக்கிறான். அங்கே எண்ணூரில் ஒருத்தி வயிற்றுப் பிள்ளையோடு பழியைச் சுமக்கிறாள். இன்றைக்கு விடக்கூடாது. மாட்டட்டும்.

புது ஃபாரத்தை இழுத்துக்கொண்டாள். "ஒரு மாசத்துக்குள்ள ஆன்டிபயாடிக் மாத்திரை எதுவும் சாப்பிட்டீங்களா?"

"ஒரு மாசத்துக்குள்ளயா? இல்ல மேடம்."

'இல்லை' என்று எழுதிக்கொண்டாள். "உக்காருங்க. ஒரு மணி நேரம் பாத்ரூம் பக்கம் போகக்கூடாது."

"போட்டுல ஐஸு ஏத்தணும் மேடம். நாளிக்கி வரேனே?"

"போட்டு எங்கியும் ஓடிப் போவாது. குந்துடா!" என்று அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்த பூவம்மா, தன் நாற்காலியைக் கழிவறைக் கதவுக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து ஜெஸ்லின் புது டப்பாவில் பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தாள். "இந்தக் கோட்டோட நிறுத்திடணும். மிச்சத்தை உள்ள விட்டுட்டு வாங்க."

அவன் உள்ளே போனதும் பூவம்மா கதவைத் தட்டினாள். "மொதல்ல வர்றதுடா! மொதல்ல வர்றது!"

காத்திருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். திலீப் வெளியே வந்தபோது டப்பா சரியாகக் கோடுவரை இருந்தது. முகம்தான் பேயறைந்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ரிசல்ட் வந்தது. ஜெஸ்லின் திரையை ஒரு தடவை பார்த்தாள். டப்பாவில் ஒட்டியிருந்த பேரை இரண்டு தடவை பார்த்தாள். மெஷின் தன்னைத் தானே சோதித்துக்கொண்ட விவரமும் சரியாகவே இருந்தது. குறை சொல்ல ஓரிடமும் இல்லை.

காகிதத்தைத் திலீப்பிடம் நீட்டினாள். பூவம்மா பாய்ந்து பிடுங்கிக்கொண்டாள்.

"இன்னா போட்டுக்கீது? இல்லன்னுதானே?"

"இல்லைன்னுதான்" என்றாள் ஜெஸ்லின்.

"பாத்தியா! எம்புள்ள தங்கம்! வாடா, இப்பயே எண்ணூருக்கு. நாலு பெரிய மனுசன வெச்சி அத்து வுட்டுட்டு வந்துர்லாம்."

திலீப் இடத்தைவிட்டு நகரவில்லை.

காலையிலிருந்து அடக்கிவைத்த எரிச்சல் முழுவதும் ஜெஸ்லினிடமிருந்து கொட்டியது. "ஏங்க, சுத்தமா இருக்கிற ஆளுதானே நீங்க? அப்புறம் எதுக்கு ஒரு வாரமா இழுத்தடிச்சீங்க? மூணு டப்பாவை எதுக்குக் கெடுத்தீங்க?"

"இல்லன்னு வந்துரும்னு தெரிஞ்சிதான் மேடம் கெடுத்துகினே இருந்தேன்" என்றான் திலீப். "ஒரு மாசத்துக்குள்ள மாத்திர சாப்ட்டியான்னு கேட்டீங்கோ. நான் சாப்ட்டு ரெண்டு மாசம் ஆச்சு. அவ ஆத்தா வூட்டுக்குப் போன வாரமே மெடிக்கல்ல வாங்கி, யாருக்கும் தெரியாம முழுங்கிட்டேன்."

அம்மாவின் கையிலிருந்த காகிதத்தை மெல்ல உருவிக்கொண்டான்.

"கீர்த்திக்கு அந்தக் கிருமியக் குட்த்ததே நான்தாம்மா."